தாண்டவராயன் கல்லில் அடித்த குளிர்

கல்லேரிப்பட்டில் போர் நினைவுப் பூங்காவைத் திறந்த அன்று, முதல் கல்லின் மேல் போர்த்தியிருந்த துணியை ஓய்வுபெற்ற சுபேதார் துரைக்கண்ணு இழுத்ததும் அந்தக் கல்லின் மேல் மட்டும் பனி கொட்டியது, இரண்டாவது கல்லின் துணியை இழுத்ததும் மணல்காற்று எழும்பி மேடையில் இருந்தவர்களின் வேட்டியைத் தூக்கியது, மூன்றாவதில் பர்மாக் காட்டு மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது, சுபேதாரும் எடுத்த வேலையை நடுவில் விடுகிற ஆள் இல்லை என்பதால் நடுங்கியும் நனைந்தும் வரிசை முழுக்கத் துணிகளை இழுத்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கித் தலையைத் துவட்டினார்.

ஊர் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. வேலூர்ப் பக்கத்து மலைகளுக்கு நடுவே வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பியே பழகிய ஊர் அது. லீவில் வருகிறவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாலே தூரதேசத்துக் குளிர் ஒன்று கூடத்தில் பரவும், கம்பளியை உதறினால் யாரும் பார்த்திராத பாலைவனத்தின் மணல் உதிரும், அப்படியிருக்க, போனவன்தான் திரும்பவில்லை, அவன் கடைசியாக நின்ற இடத்து வானமாவது வந்து சேர்ந்ததே என்று ஊர் நினைத்துக்கொண்டது. மறுநாளே அந்த வானங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டது.

ஒவ்வொரு கல்லும் போருக்குப் போய்த் திரும்பாத ஒருவனுடையது. கல்லைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில், அவன் உயிர் போன நாளின் வெயிலோ மழையோ பனியோ விடாமல் நடந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போருக்குக் கப்பலேறிப் போன குப்பாண்டியின் கல்லில் பாஸ்ரா வெயில் கொளுத்தியது, ஆகவே கார்த்திகை மார்கழியிலும் பெண்கள் கூழ்வடகத்தையும் மிளகாயையும் அங்கே கொண்டுவந்து கொட்டிக் காயவைத்தார்கள், குப்பாண்டி வெயிலில் காய்ந்த வடகம் என்றால் ஆரணிச் சந்தையில் தனி மரியாதை. ஜம்புலிங்கத்தின் கல்லில் பெய்த பர்மா மழைக்குக் கோடையில் குடங்கள் வரிசை கட்டின, வரிசையில் சண்டையும் வந்தது, கடைசியில் முன்னாள் படைவீரர் சங்கம் கூடி முதல் குடம் ஜம்புலிங்கத்தின் வீட்டாருக்கு, மற்றது ஊருக்கு என்று தீர்ப்புச் சொன்னது. கன்னியப்பனின் பனியில் கல்யாண வீட்டார் மாலைகளை வைத்து வாடாமல் எடுத்துப்போனார்கள், மீன்காரி கூடையை இறக்கப் பார்த்தபோது மட்டும் கன்னியப்பனின் தங்கை குறுக்கே விழுந்து தடுத்துவிட்டாள், என் அண்ணன் மேல் மீன் நாற்றம் அடிக்கக் கூடாது என்று. வாசலில் கரீம் பாய் கம்பளி வாடகைக்கு விடும் கடை போட்டார். மெட்ராஸிலிருந்து கருவிகளோடு வந்த விஞ்ஞானிகள் ஒரு வாரம் தங்கி அளந்துவிட்டு, எல்லோரும் ஒன்றுபோலச் சளி பிடித்துத் திரும்பிப் போனார்கள்.

வரிசையின் கடைசியில் இருந்தது தாண்டவராயனின் கல். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் மேற்கு எல்லையில் காணாமல் போனவன், இறந்திருக்கலாம் என்று தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. அவன் கல்லில் இதமான ஒரு வெயிலும் லேசான குளிரும் அடித்ததால் ஆரம்பத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, எதற்கும் உதவாத வானிலை என்று விட்டுவிட்டார்கள்.

நவநீதம்தான் கண்டுபிடித்தாள். தாண்டவராயனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், தந்தி வந்து நான்கு வருஷம் கழித்து, வீட்டுப் பெண் வீட்டோடு இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்ததில் அவன் தம்பி ஏகாம்பரத்துக்கு மனைவியானாள். அந்த ஊரில் அது புதிய காரியம் அல்ல, பட்டாளத்து வீடுகள் சிலவற்றில் அப்படி நடந்திருக்கிறது. ஏகாம்பரம் மார்பு அளவு பத்தாமல் பட்டாளத்துத் தேர்விலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன், கடைத்தெருவில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைத்தான், வேலூரைத் தாண்டினால் வழி தெரியாது. அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுப் பழகிய வாய் கல்யாணத்துக்குப் பிறகு என்ன கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் ஒன்றும் கூப்பிடாமலே இருபது வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு மகளையும் பெற்றுக் கட்டிக்கொடுத்துவிட்டது. இப்போதும் அவளை அவன் நீங்க என்பான், அவள் அவனை நீ என்பாள். பதற்றம் வந்தால் மட்டும் அந்த அண்ணி நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகும்.

ஒருநாள் நவநீதம் அந்தக் கல்லடியில் காயவைத்த புளியை எடுத்துக்கொண்டு சுபேதாரிடம் போனாள். கூடையைச் சுமந்துகொண்டு ஏகாம்பரம் பின்னால் நின்றான்.

"சுபேதாரய்யா, மத்த கல்லுங்கலாம் ஒரே நாளையே திருப்பித் திருப்பிச் சொல்லிகினு கீது. இவுரு கல்லு மட்டும் நேத்து ஒண்ணு சொல்லுது, இன்னிக்கி ஒண்ணு சொல்லுது. நேத்து புளி நல்லா காஞ்சிச்சி. இன்னிக்கி பாரு, சொதசொதன்னு நனஞ்சி போச்சி."

"அதனால இன்னாம்மா சொல்ற?"

"செத்தவங்களுக்குத்தான் நாள் மாறாது. இவுருக்கு மாறுது."

சுபேதார் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஏகாம்பரம் கூடையைக் கீழே வைத்தான். அவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அண்ணன் இருக்கிறான் என்று, ஆனால் அந்தச் சந்தோஷம் அடுத்த நொடியே பயமாக மாறிவிட்டது. இருக்கிறவன் ஒருநாள் வருவான், வந்தால் இவள் யார் மனைவி என்று அவன் அங்கேயே நின்று நினைத்தான்.

அதன் பிறகு ஊரின் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் எல்லோரும் முறைவைத்து வந்து தாண்டவராயனின் கல்லடியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூக்கை விடைத்து, அது எந்த ஊர் என்று ஆராய்ந்தார்கள். காஷ்மீரில் இருந்தவர் காஷ்மீர் என்றார், ராஜஸ்தானில் இருந்தவர் பாலைவனத்துக் குளிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துப் பேசினார். ஹவில்தார் வேதாசலம் மட்டும் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு, கடுகுத் தாள் எரிக்கிற புகை வருகிறது, இது எல்லைக்கு அந்தப் பக்கம், கைதி முகாம் ஒன்றின் முற்றம் என்று முடிவாகச் சொன்னார். பட்டாளத்துக்காரன் உயிரோடு இருந்தும் ஊர் திரும்பவில்லை என்றால் அவனை யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதில் அந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சங்கம் டெல்லிக்கு மனு எழுதிப் போட்டது. வானிலையை ஆதாரமாக ஏற்றுக்கொள்ள விதியில்லை என்று பதில் வந்தது.

நவநீதம் தினமும் சாயங்காலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தக் கல்லடியில் போய் உட்கார ஆரம்பித்தாள், ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அவள் ஒரு பாய் அகலக் குளிரில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பாள், அங்கே பனிமூட்டம் இறங்கினால் அவள் முகம் மங்கிப் போகும், அங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்தால் இங்கேயும் அவளைச் சுற்றி மட்டும் சீக்கிரம் இருட்டும். ஏகாம்பரம் ஒருநாளும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கடையைச் சாத்திவிட்டு யாருக்கும் தெரியாமல் அவனும் போய் உட்கார்ந்து பார்ப்பான். ஊர் ஊராகப் போய்வந்தவர்களுக்கே புரியாதது அவனுக்கு எங்கே புரியப்போகிறது, ஒரு குளிர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அண்ணன் இந்த நேரம் இந்தக் காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறான் என்ற நினைப்பு அவனை விடவில்லை. பயந்தவனுக்கும் தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கும் அல்லவா.

இப்படி இரண்டு குளிர்காலம் போயிற்று. மூன்றாவது தையில் ஒரு காலை கல்லின் மேல் கடுகுப் புகை இல்லை. அதற்குப் பதில் நிலக்கரித் தூசியும் மண்குவளை டீயின் மணமும் வந்தது.

வேதாசலம் ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். "டெல்லி ஸ்டேஷன்யா இது. கௌம்பிட்டான்."

அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் அதே ரயில் பாதையில் வந்தவர்கள், ஆகவே இனிமேல் கல்லைப் படிப்பது அவர்களுக்குப் பாடம் ஒப்பிப்பதைப் போல ஆகிவிட்டது. ஜான்சி என்றார்கள், கரிசல் மண் சூடு வந்ததும் நாக்பூர் தாண்டிவிட்டான் என்றார்கள், மிளகாய் வற்றல் நெடியில் எல்லோரும் தும்மியபோது பெஜவாடா, பெஜவாடா என்று கைகொட்டினார்கள். கடைத்தெருவில் தாண்டவராயன் பெயர் போட்ட தோரண வளைவு எழுந்தது. ஆம்பூரிலிருந்து பேண்டு செட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடி தைத்தார்கள். நவநீதம் அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டலாமா கூடாதா, யாருடைய மனைவியாக வரிசையில் நிற்பாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டார்கள், அவள் குடத்தோடு வந்தால் மட்டும் பேச்சு மிளகாய் விலைக்குத் தாவும்.

வீட்டில் ஏகாம்பரம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கை கழுவாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"இன்னா பண்ணப்போறீங்க?"

"தெரியல" என்றாள் நவநீதம். "மொதல்ல அவுரு எங்க இருந்தாருன்னு தெரியணும். இத்தினி வருஷம் யாரு சோறு போட்டா, யாரு துணி தொவச்சிக் குடுத்தா, ஏன் வரல. அது தெரியாம எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

"அவன் வந்தா நான் கடையில படுத்துக்கறேன்."

"கடையில கொசு" என்றாள் அவள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஏகாம்பரம் சாயங்காலம் வரை யோசித்தும் அதில் தனக்கு என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

காட்பாடிக்குப் பக்கத்தில் வரவேண்டிய நேரத்தில் கல் ஒருநாள் முழுக்கக் கற்பூரமும் நெய்யும் மணத்தது. திருப்பதிக்குப் போய்விட்டு வருகிறான், பிழைத்து வந்தவன் செய்யவேண்டிய காரியம்தானே என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் விடிந்ததும் சங்கத்தார் பதக்கங்களைக் குத்திக்கொண்டு பேண்டு செட்டோடு காட்பாடி ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்கள், ஏனென்றால் கல்லேரிப்பட்டுப் பட்டாளத்துக்காரன் யாரும் இன்றுவரை வேறு வழியில் வீடு வந்ததில்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாக மொட்டைத் தலைகளை ஏற்றிக்கொண்டு நாள்முழுக்க பஸ் வருகிறது என்பது ஒருவர் நினைப்பிலும் வரவில்லை.

ஏகாம்பரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போகத் தைரியம் இல்லை. கடையைத் திறந்து வைத்துவிட்டு, வேலை ஓடாமல், கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பூங்காவுக்கு வந்தான். நவநீதம் ஏற்கெனவே கல்லடியில் இருந்தாள், கட்டியிருந்தது பட்டு இல்லை, தினப்படிப் புடவை. நடக்க முடியாத வயதானவர்களோடு சுபேதார் துரைக்கண்ணும், தலைமை தாங்க ஒரு ஆள் இங்கேயும் வேண்டும் என்று வேதாசலமும் நின்றிருந்தார்கள். காலையிலிருந்து கல்லின் மேல் அடித்த வெயிலுக்கும் ஊரில் அடித்த வெயிலுக்கும் வித்தியாசமே இல்லை. மாவட்டத்துக்குள் வந்துவிட்டான் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு பேண்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தபோது, கல்லைச் சுற்றித் தகரக் கூரையின் புழுக்கம் ஒன்று இறங்கியது. கூடவே ஒரு வாசனை வந்தது.

"இது இன்னாது?" என்றார் சுபேதார். "மருந்து நெடியா?"

வேதாசலம் மூக்கை விடைத்தார். "வார்னிஷு. கம்பி கருகுன வாடை. கிரீஸு. அய்யோ, இது ரயில் பட்டறைங்க. வண்டி மாறி ஏறி மெட்ராஸுக்குப் போயிட்டான் போல கீது. ஆள அனுப்புங்க சென்ட்ரலுக்கு."

உலகத்து வானிலை எதுவும் தெரியாத ஏகாம்பரத்துக்கு இந்த ஒரு வானிலை தெரியும். இருபது வருஷமாக அவன் சட்டையிலும் தலையணையிலும் அடிக்கிற வாசனை அது. நிமிர்ந்து பார்த்தான். அந்தத் தலையணையில் பாதியில் படுக்கிற நவநீதம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையப் பூட்டினியா?" என்றாள் மெதுவாக.

"இல்ல. சாத்திட்டு வந்தேன்."

வாயைத் திறந்து என் கடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே அந்தப் பக்கம் ஓடியிருக்கும். அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும் என்ற அற்ப நினைப்பு முதலில் வந்தது உண்மை. தோரண வளைவுக்கும் பேண்டு செட்டுக்கும் வராமல், பூட்டாமல் கிடக்கும் ஒரு கடைக்குள் வந்து உட்கார்ந்திருப்பவனை ஊரின் கையில் பிடித்துக் கொடுப்பது பாவம் என்ற நினைப்பு அதற்குப் பின்னால் வந்ததும் உண்மை. இரண்டில் எதற்காக வாயை மூடிக்கொண்டான் என்று அவனுக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

சென்ட்ரலுக்கு யாரை அனுப்புவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நவநீதம் எழுந்து நடந்தாள். ஏகாம்பரம் பின்னால் ஓடினான். புளியமரங்களைத் தாண்டியதும் அவனுக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, கொஞ்சம் நில்லுங்க."

இருபது வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த அந்தச் சொல்லுக்கு அவள் நின்றாள்.

"அவன் கூப்ட்டா போயிடுவீங்களா?"

"கூப்டட்டும் மொதல்ல" என்றாள்.

கடைக்குள் காயில் சுற்றும் மெஷினுக்கு முன்னால் போட்ட ஸ்டூலில், மழித்த தலையில் சந்தனம் காய்ந்துபோன ஒரு மனிதன் உட்கார்ந்து, கம்பி மாட்டாத மெஷினின் கைப்பிடியை மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தான். முகத்தில் ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு இன்னொரு காலைத் தொங்கவிட்டு அப்படி உட்காருவது அவர்களுடைய அப்பா.

"கதவு பூட்டல. பலகையில உன் பேரு இருந்திச்சி" என்றான் தாண்டவராயன். தமிழ் அவனிடமிருந்து ஆழக் கிணற்று வாளியைப் போல நின்று நின்று ஏறி வந்தது. "ஏகா, பஸ்ஸுல வரும்போது பாத்தேன், வளைவு கட்டி என் பேரு போட்டிருக்கீங்க. பயந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லிடாத."

ஏகாம்பரம் அவன் காலடியில் உட்கார்ந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். நவநீதம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எங்க இருந்தீங்க?"

அவன் சொன்னான். எல்லைக்கு அந்தப் பக்கம் சில வருஷம் முகாமில் அடைத்து வைத்திருந்ததையும், ஒருநாள் வாசலைத் திறந்து போகச் சொன்னதையும், இந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ஆரணிக்காரப் பட்டாளத்துக்காரன் ஒருவனிடம் தான் யாரென்று சொல்லாமல், கல்லேரிப்பட்டுத் தாண்டவராயனைத் தெரியுமா என்று விசாரித்ததையும் சொன்னான். "அவன் செத்துப்போயி ரொம்ப நாளாச்சே, பொண்டாட்டிய தம்பி கட்டிகினான்னு சொன்னான். டீ வாங்கிக் குடுத்தான் பாவம்."

"வந்திருக்கலாம் இல்ல?" என்றாள் அவள்.

"கோவம் வந்திச்சி. ரொம்ப நாள் கோவமாவே இருந்தேன். அங்கயே ஒரு வூட்ல எருமைங்களப் பாத்துக்கற வேலை கெடச்சிது. ஒருநாள் ஒரு எருமைக்குக் கன்னு குறுக்கா மாட்டிகிச்சி. பொழுதுக்கும் அதுகூடவே கெடந்து கன்ன வெளிய எடுத்தேன். கையக் கழுவிட்டு வந்து உக்காந்து பாத்தா, கோவத்தக் காணோம். அப்புறம் அந்த வூட்டுப் பொண்ணயே கட்டிகினேன். ரெண்டு பசங்க."

ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக விழுங்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். "அப்ப இவங்களக் கூட்டிகினு போகவா வந்த?"

தாண்டவராயன் நிஜமாகவே திகைத்தான். "இல்லடா. நான் என் கல்லப் பாக்க வந்தேன். லாரிக்காரன் ஒருத்தன் சொன்னான், இந்த மாதிரி உங்க ஊர்ல செத்தவனுக்குலாம் அவனவன் வானம் அடிக்கிதுன்னு. எனக்கும் கல்லு இருக்கும் இல்ல? அதுல இன்னா அடிக்கிதுன்னு பாக்க ஆசை. யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன், இருப்பு கொள்ளல."

"கல்லப் பாக்க வந்தீங்க" என்றாள் நவநீதம். குரல் உயரவில்லை. "உங்க குளிர்ல நான் ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேன். சளி புடிச்சி நெஞ்சு கட்டி, இருமிகினே உக்காந்திருந்தேன். எந்த இருட்டுல கெடக்கறீங்களோ, யாரு அடிக்கறாங்களோன்னு நெனச்சிகினு. இவன் என்னிய ஒரு வார்த்த சொல்லல. நீங்க அங்க எருமைக்குத் தண்ணி காட்டிகினு இருந்தீங்க."

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் படியிலிருந்து இறங்கி வழிவிட்டாள்.

"சரி வாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. பாத்துட்டுப் போங்க."

திருப்பதி போய்த் திரும்பும் மொட்டைகள் வழியில் இறங்கிப் பூங்காவைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம்தான், ஆகவே யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரீம் பாய் ஒரு கம்பளியை நீட்டி, பனிக்கல்லுகிட்ட ரொம்ப நேரம் நிக்காதீங்க, மொட்டைக்கு ஆகாது என்றார். வேதாசலம் சென்ட்ரலுக்கு ஆள் பிடிக்கப் போயிருந்தார். சுபேதார் துரைக்கண்ணு வெளியூர்க்காரன் என்று கண்டதும் தன் வழக்கப்படி தானே முன்னால் நடந்து கல் கல்லாகக் காட்டினார். தாண்டவராயன் குப்பாண்டி வெயிலில் கையை நீட்டிப் பார்த்தான், ஜம்புலிங்கத்தின் மழையில் முகத்தைக் காட்டினான், கூடவே பட்டாளத்துக்குப் போன கன்னியப்பனின் பனிக்கு முன்னால் வந்ததும் அவன் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன.

சுபேதார் அவனை உற்றுப் பார்த்தார். "எந்தப் பட்டாளம்யா நீ?"

"பட்டாளம்லாம் இல்லீங்க. எருமை வச்சிருக்கேன், வடக்க."

"நிக்கறது அப்படி இருந்துச்சி" என்றார் சுபேதார். பிறகு கடைசிக் கல்லுக்கு வந்து, தன் சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல, "இது எங்க தாண்டவராயன். உசுரோடதான் இருக்கான். வந்துகினே இருக்கான்" என்றார். கண்ணாடிக்குள் அவர் கண் கலங்கியிருந்தது. வடகம் காயவைக்கிற பெண்களுக்குள் சத்தம் கேட்கவே அங்கே போனார்.

தாண்டவராயன் கல்லுக்கு முன்னால் நின்றான். சுற்றி வந்தான். குனிந்து பெயரைத் தடவினான், மேலே நிமிர்ந்து பார்த்தான், கம்பளியைக் கழற்றி ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நின்று பார்த்தான். கல்லேரிப்பட்டின் மத்தியான வெயில்தான் அடித்தது. பக்கத்துக் கல்லுக்கெல்லாம் ஒரு வானம் இருக்க, தன் கல் மட்டும் வெறும் கல்லாக இருப்பதைப் பார்த்து அவன் முகம் ஏமாந்துபோயிற்று.

"ஒண்ணுமே இல்லையே, நவநீதம்."

"நீங்க இங்க இல்லாதப்பதான் அடிக்கும்."

"அப்ப என்னால இதப் பாக்கவே முடியாதா?"

"இது எங்களுக்கு வச்சது" என்றாள் அவள். "உங்களுக்கு இல்ல."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவன் இன்னொரு தடவை குனிந்து பெயரைத் தடவினான். அப்புறம் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வந்த பஸ்ஸைப் போலவே ஒரு பஸ்ஸில், இன்னும் பத்து மொட்டைத் தலைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தான். நவநீதம் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. புளிச்சோறு கட்டிக் கொடுத்தனுப்பினாள், அதில் அவள் வைத்த வறுத்த வேர்க்கடலையின் வாசனை அன்று சாயங்காலம் கல்லடியில் வந்தபோது வேதாசலம் திணறிப்போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கல் திரும்பி நடந்தது. மிளகாய் நெடி வந்தது, கரிசல் சூடு வந்தது, நிலக்கரி வந்தது. காட்பாடியிலும் சென்ட்ரலிலும் நின்று கால் கடுத்துத் திரும்பியவர்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சுபேதார்தான் காரணத்தைச் சொன்னார்.

"லீவு கேன்சல்."

எல்லோருக்கும் அது உடனே புரிந்தது. பாதி வழியில் தந்தி வந்து திரும்பிப் போகாதவன் அந்த ஊரில் யார் இருக்கிறான். அடுத்த லீவுக்கு ஆகும் என்று தோரண வளைவைப் பிரிக்காமல் சங்கக் கட்டடத்தில் எடுத்து வைத்தார்கள், பேண்டு செட்டுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள், இனி அவன் கைதி இல்லை, ஏதோ பெரிய பதவியில் ரகசிய வேலையில் இருக்கிறான் என்று புதிதாக ஒரு கதையும் கட்டிக்கொண்டார்கள். ஏகாம்பரமும் நவநீதமும் மறுத்துப் பேசவில்லை.

நவநீதம் அதற்குப் பிறகு பூங்காப் பக்கம் போகவே இல்லை. சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள், இருமலும் தானாக நின்றது. ஏகாம்பரம்தான் இப்போது ஒளிக்காமல் தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு போய்க் கல்லடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். அவனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க வந்துவிட்டது, இன்றைக்கு அறுப்பு, இன்றைக்கு யாரோ ரொட்டி சுடுகிறார்கள் என்கிற அளவுக்கு. வீட்டில் அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவளும் கேட்பதில்லை, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவன் மாதக்கணக்கில் சாப்பிட்டு எழுந்தான்.

ஆடியில் ஒரு சாயங்காலம் அவன் தலையெல்லாம் நனைந்து வந்தான். ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. நவநீதம் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

"அங்க இன்னா?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் குழம்புச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை. காலையில புடிச்சது, விடவே இல்ல."

அவள் குழம்பை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எருமைங்கள உள்ள கட்டியிருப்பாங்களா?"

"கட்டியிருப்பாங்க" என்றான் ஏகாம்பரம்.

அவள் சரி என்று சொல்லிவிட்டு, அவன் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.